இந்த வான்குடையை மடித்தவர் யார்?

சிங்கப்பூரின் தேசிய தின அணிவகுப்பில் ‘ரெட் லயன்ஸ்’ வான்குடை வீரர்கள் வானிலிருந்து இறங்கும் காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். முதலில் சிறு புள்ளிகளாகத் தெரிவார்கள். பிறகு வண்ண வான்குடைகள் விரியும். சில நிமிடங்களில் அவர்கள் தரையில் கால் பதிப்பார்கள், கைத்தட்டல் ஒலிக்கும், அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிடும். அவர்கள் இராணுவத்தினர். குதிப்பது அவர்களுடைய பணி. ஆனால், உலகின் சில ஊர்களில் வானிலிருந்து குதிப்பது சாதாரணக் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையாக இருக்கிறது. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, நண்பகலுக்குள் ஐந்தாறு முறை விமானத்திலிருந்து குதித்துவிட்டு, மாலையில் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வரும் தாய்மார்கள் அங்கே உண்டு.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள டிலேண்ட் அப்படிப்பட்ட ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த விமானத் தளத்தில் கடற்படை விமானிகள் பயிற்சி பெற்றனர். இப்போது அதே தளத்திலிருந்து வான்குதிப்பவர்களை ஏற்றிக்கொண்டு விமானங்கள் நாள் முழுதும் ஏறி இறங்குகின்றன. தளத்தைச் சுற்றி வான்குடைகளும் அவற்றை வைக்கும் முதுகுப்பைகளும் தயாரிக்கும் தொழிற்கூடங்கள் இருக்கின்றன. உள்ளே போனால் ஏதோ ஆடைத் தொழிற்சாலைக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள், மேசைகளில் விரித்துப் போட்ட நைலான் துணிகள், அளவெடுத்து வெட்டிய கயிறுகள். வான்குதிப்பு என்றால் துணிச்சல் மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அதன் பாதி தையல் வேலை.

ஆகவே, இந்தத் துறையில் வாழும் குடும்பங்களில் எல்லாரும் குதிப்பவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் தையல் மேசையில் இருப்பார். ஒருவர் விமானம் ஓட்டுவார். ஒருவர் எந்த விமானத்தில் யார் ஏறுவது என்று பட்டியல் போடுவார். ஒருவர் முதன்முறை குதிக்க வருபவர்களைத் தம் மார்போடு பிணைத்துக்கொண்டு குதிக்கும் பயிற்றுநராக இருப்பார். அந்தப் பொறுப்பு எளிதில் கிடைப்பதில்லை. அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் விதிப்படி, அத்தகைய பயிற்றுநர் குறைந்தது 500 முறை குதித்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாவது இந்த விளையாட்டில் ஈடுபட்டிருக்க வேண்டும். தாம் மட்டும் விழுவதற்கும் இன்னொருவரின் உயிரையும் சுமந்துகொண்டு விழுவதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

வான்குதிப்பை ஒரு குடும்பத் தொழிலாகச் செய்வது நேற்று முளைத்த பழக்கமன்று. விமானங்கள் பரவலாவதற்கு முன்பே வெப்பக் காற்று பலூன்களிலிருந்து குதித்துக் காட்டும் குழுக்கள் அமெரிக்கச் சந்தைத் திருவிழாக்களில் ஊர் ஊராகச் சுற்றின. அப்படி ஒரு குழுவை நடத்தியவர் சார்ல்ஸ் பிராட்விக். 1908ஆம் ஆண்டு அவருடைய குழுவில் ஒரு பதினைந்து வயதுப் பெண் சேர்ந்தார். அவருடைய இயற்பெயர் ஜார்ஜியா ஆன் தாம்சன். வட கரோலினாவைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்துப் பெண். மிகச் சிறு வயதிலேயே பஞ்சாலையில் வேலை செய்தவர். அந்த வயதிலேயே ஒரு குழந்தைக்குத் தாயும் ஆகிவிட்டவர். குழந்தையைத் தம் தாயாரின் பொறுப்பில் விட்டுவிட்டு, சம்பாதித்துப் பணம் அனுப்புவதாகச் சொல்லி அவர் குழுவோடு புறப்பட்டார். பிராட்விக் அவரைத் தம் மகளாகத் தத்தெடுத்துக்கொண்டார். உருவத்தில் மிகச் சிறியவர் என்பதால் ‘டைனி பிராட்விக்’ என்னும் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

பாவாடையும் தலையில் நாடாவும் அணிவித்து, பொம்மையைப் போல அலங்கரித்து, அவரை மக்கள் முன் நிறுத்தினார்கள். அந்தக் கோலம் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை என்பார்கள். ஆனால் குதிப்பது பிடித்திருந்தது. 1913இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், கிளென் மார்ட்டின் ஓட்டிய விமானத்திலிருந்து அவர் குதித்தார். விமானத்திலிருந்து வான்குடையோடு குதித்த முதல் பெண் என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் இன்றுவரை பேசப்படுகிறது. 1914இல் சான் டியேகோ நகரில் அமெரிக்க இராணுவத்தினர் முன்னிலையில் அவர் வான்குடையைச் செயல்படுத்திக் காட்டினார். அந்நாளில் வான்குடையைத் திறக்கும் கயிற்றின் மறுமுனை விமானத்தில் கட்டப்பட்டிருக்கும். குதிப்பவர் விழ விழக் கயிறு இழுபட்டு வான்குடை விரியும். அன்று அவர் பலமுறை குதித்தார். ஒருமுறை அந்தக் கயிறு விமானத்தின் வால்பகுதியில் சிக்கிக்கொண்டது. காற்று அவரை இப்படியும் அப்படியுமாக அலைக்கழித்தது. விமானத்துக்குள் திரும்ப ஏற வழியில்லை. அவர் கயிற்றை அறுத்துக்கொண்டு கீழே விழுந்தார். கையில் எஞ்சியிருந்த கயிற்றுத் துண்டைத் தாமே இழுத்து வான்குடையைத் திறந்தார். விமானத்தோடு எந்தப் பிணைப்பும் இல்லாமல், தானே விழுந்து, தானே திறந்துகொள்ள மனிதரால் முடியும் என்று அன்று அங்கிருந்த அதிகாரிகள் கண்ணால் கண்டார்கள். இன்று விளையாட்டாகக் குதிக்கும் அனைவரும் செய்வது அதைத்தான். 1922இல் அவர் குதிப்பதை நிறுத்தியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை குதித்திருந்தார். வீட்டில் விட்டு வந்த குழந்தைக்காகத் தொடங்கிய வேலை அது என்பதை மறந்துவிட்டு அவருடைய துணிச்சலை மட்டும் புகழ்வது பாதிக் கதையைச் சொல்வதாகும்.

இன்றைய வான்குதிப்புத் திடலுக்கு வருவோம். விமானம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. அதற்குச் சுமார் கால் மணி நேரம் ஆகும். கதவு திறந்ததும் ஒருவர்பின் ஒருவராகக் குதிக்கிறார்கள். வயிறு தரையை நோக்கியபடி விழுபவரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அதற்குமேல் காற்றின் தடை அவரை வேகமெடுக்க விடுவதில்லை. ஒரு நிமிடம் அப்படி விழுகிறார். பிறகு வான்குடையை விரிக்கிறார். ஐந்தாறு நிமிடங்கள் மிதந்து தரையிறங்குகிறார். மொத்தத்தில் அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அப்படியானால் மீதி நாள் முழுதும் அங்கே என்ன செய்கிறார்கள்? மடிக்கிறார்கள். காத்திருக்கிறார்கள். பேசுகிறார்கள். நட்பு வளர்வது பெரும்பாலும் இந்த நேரங்களில்தான்.

வான்குடை மடிக்கும் கூடம் பெரிய கொட்டகையைப் போன்றது. தரை முழுதும் விரிப்பு போட்டிருக்கும். அதன்மேல் முழங்காலிட்டு மடிப்பவர்கள் வேலை செய்வார்கள். முதலில் கயிறுகளைச் சிக்கெடுத்து நேராக்க வேண்டும். துணியின் ஒவ்வோர் அறையையும் தனித்தனியே சீராக்க வேண்டும். பிறகு மடித்து, அதன்மேல் படுத்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். கைக்குள் அடங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும் நைலான் துணியை ஒரு சிறிய பைக்குள் திணிக்க வேண்டும். அடுத்து, கயிறுகளை இரப்பர் வளையங்களில் சம அளவாக அடுக்க வேண்டும். ஓர் அறையின் தரையை நிறைக்கும் அளவுள்ள துணி, கடைசியில் பள்ளிப்பை அளவுக்குச் சுருங்கிவிடும். பழகியவருக்குப் பத்து, பதினைந்து நிமிடங்கள் போதும். புதியவர் ஒரு மணி நேரம் போராடுவார். முழங்கால் வலிக்கும், முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு நாளில் இருபது, முப்பது வான்குடைகளை மடிப்பவரின் உழைப்பைக் கைத்தட்டுபவர்கள் பார்ப்பதில்லை.

இந்த மடிப்பைப் பற்றி அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி ஒன்று இருக்கிறது. முதன்மை வான்குடையை மூவரில் ஒருவர்தான் மடிக்கலாம். அடுத்து அதை அணிந்து குதிக்கப்போகிறவர் மடிக்கலாம். ‘ரிக்கர்’ எனப்படும் உரிமம் பெற்ற வான்குடைத் தொழில்நுட்பர் மடிக்கலாம். அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் வேறொருவர் மடிக்கலாம். முதன்முறை படித்தபோது எனக்கு இந்த விதி சற்று விந்தையாகத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அதன் பொருள் புரியும். ஒன்று உன் உயிருக்கு நீயே பொறுப்பேற்றுக்கொள். இல்லாவிட்டால் பொறுப்பேற்கத் தகுதி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

முதுகுப்பையில் இரண்டாவதாக ஓர் அவசர வான்குடையும் இருக்கும். அதை ரிக்கர் மட்டுமே மடிக்கலாம். ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் 180 நாளுக்கு ஒருமுறை அதைப் பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும். மடித்ததும் ரிக்கர் தம் குறியீடு பதித்த ஈய முத்திரையை நூலோடு சேர்த்துப் பூட்டுவார். உடன் இருக்கும் அட்டையில் தேதியிட்டுக் கையொப்பமிடுவார். முதன்மை வான்குடை சரியாக விரியாமல் போவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருமுறை என்று குதிப்பவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அந்த ஒருமுறையில், வலப்பக்கப் பிடியை இழுத்துப் பழுதான வான்குடையைக் கழற்றிவிட்டு, இடப்பக்கப் பிடியை இழுத்து அவசர வான்குடையைத் திறக்க வேண்டும். உயிர் பிழைத்துத் தரையிறங்கியவர் முதலில் தேடிப்போவது அட்டையில் கையொப்பமிட்ட அந்த ரிக்கரைத்தான். ஒரு பரிசோடு போய் நன்றி சொல்வது அங்குள்ள வழக்கம்.

குதிப்பவர் மயங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். அதற்காக ஒரு சிறு கருவி பையினுள் இருக்கிறது. ஆபத்தான உயரத்துக்கு வந்த பிறகும் அணிந்திருப்பவர் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், அது தானாகவே அவசர வான்குடையைத் திறந்துவிடும். ‘சைப்ரஸ்’ என்னும் பெயரில் ஜெர்மனியிலிருந்து 1991இல் இக்கருவி வந்தபின், எத்தனையோ பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

கருவிகள் மேம்பட்டுவிட்டன. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 3.65 மில்லியன் முறை மக்கள் குதித்தனர். 10 பேர் உயிரிழந்தனர். அந்தப் பத்து என்னும் எண்ணைச் சிறியது என்று சொல்லிக் கடந்துபோக, குதிப்பவர்களின் குடும்பங்களால் முடியாது. கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இக்காலத்தில் பல விபத்துகள் வான்குடை நன்றாக விரிந்த பிறகே நடக்கின்றன. வேகமாகத் தரையிறங்க ஆசைப்பட்டோ, தரைக்கு அருகில் தவறான நேரத்தில் திரும்பியோ அடிபடுகிறார்கள். அதாவது, துணியும் கயிறும் தம் வேலையைச் செய்துவிட்டன. மனிதரின் முடிவுதான் பிழைத்துவிட்டது.

இங்கேதான் நண்பர்களுக்கு வேலை வருகிறது. விமானத்தில் ஏறுவதற்கு முன் ஒருவர் மற்றவரின் முதுகுப்பையைச் சோதித்துப் பார்ப்பது அன்றாடப் பழக்கம். பையைப் பூட்டியிருக்கும் ஊசி சரியாக இருக்கிறதா, பிடிகள் தம் இடத்தில் உள்ளனவா, மார்புப் பட்டை சரியாகக் கோக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பார்கள். தன் முதுகைத் தன்னால் பார்க்க முடியாது. அதற்கு இன்னொருவரின் கண்கள் வேண்டும். ஆயிரக்கணக்கான முறை குதித்த பயிற்றுநரும் நேற்றுச் சேர்ந்த மாணவரிடம் முதுகைத் திருப்பிக் காட்டுவார். மாணவர் எதையாவது சுட்டிக்காட்டினால் அவர் முகம் சுளிப்பதில்லை.

ஊசியையும் பட்டையையும் பார்ப்பது எளிது. நண்பரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்வதுதான் கடினம். சரியாகத் தூங்காமல் வந்திருப்பார். வீட்டில் ஏதோ மனவருத்தம் இருக்கும். அல்லது அவருடைய அனுபவத்துக்குப் பொருந்தாத சிறிய, வேகமான வான்குடையை ஆசைப்பட்டு வாங்கியிருப்பார். “இன்று நீ குதிக்க வேண்டாம்” என்று அவரிடம் யார் சொல்வது? சொன்னால் கோபித்துக்கொள்வார். எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்திவிட்டதாக நினைப்பார். ஒரு வாரம் பேசாமலும் இருப்பார். சொல்லாமல் விட்டாலோ, நட்புக்குப் பங்கம் வராது. ஆனால் நண்பருக்கு வரலாம். இப்படிச் சொல்லத் துணிந்தவர்களை அங்கே யாரும் பெரிதாகப் பாராட்டுவதில்லை. எதுவும் நடக்காமல் போன ஒரு நாளுக்கு யார்தான் பாராட்டுச் சொல்வார்கள்!

வானிலை வேறு அடிக்கடி குறுக்கிடும். மேகம் தாழ்ந்துவிட்டால் விமானம் ஏறாது. தரையில் காற்று மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டரைத் தாண்டினால் பயிற்சி மாணவர்கள் குதிக்கக் கூடாது. மணிக்கணக்கில் வானத்தைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். மருத்துவர், தச்சர், ஆசிரியர், ஓய்வுபெற்ற இராணுவத்தினர், கல்லூரி மாணவர் என எல்லாரும் ஒரே பலகையில் அமர்ந்து அரட்டையடிப்பார்கள். வெளியே யார் என்ன வேலை பார்க்கிறார் என்று பல மாதம் தெரியாமலே பழகியவர்கள் உண்டு. யார் எதை முதன்முறையாகச் செய்தாலும், அது நூறாவது குதிப்பாக இருந்தாலும் சரி, புதிய வான்குடையாக இருந்தாலும் சரி, மற்ற அனைவருக்கும் விருந்து வைக்க வேண்டும். பிரியும்போது ஒருவருக்கொருவர் ‘நீல வானம்’ என்று வாழ்த்திக்கொள்வார்கள். மழையை நம்பி வாழும் உழவர்கள் கருமேகத்தை வாழ்த்துவார்கள். இவர்கள் அதற்கு நேர்மாறு.

இந்த நட்பு எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு நம் அண்டை நாட்டில் ஒரு சான்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் தாய்லாந்தின் உடோன் தானி நகருக்கு மேலே, பல நாடுகளைச் சேர்ந்த 400 பேர் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு வானில் ஒரே கோலமாக விழுந்தார்கள். தாய்லாந்து விமானப்படையின் ஐந்து பெரிய விமானங்கள் அவர்களை ஏற்றிச் சென்றன. கோலம் நிலைத்திருந்தது 4.25 விநாடிகள். அதற்காக அவர்கள் வேலைக்கு விடுப்பெடுத்து, சொந்தப் பணத்தைச் செலவழித்து, நாள்கணக்கில் பயிற்சி செய்தார்கள். ஒருவர் தம் இடத்துக்குச் சற்று வேகமாக வந்து மோதினாலும் மற்ற 399 பேரின் முயற்சி கலைந்துவிடும். நான்கு விநாடிக்கா இவ்வளவு பாடு என்று கேட்கத் தோன்றும். கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள்.

பிள்ளைகளின் நிலை என்ன? தாய் தந்தை இருவருமே குதிப்பவர்கள் என்றால், ஒருவர் மேலே போகும்போது மற்றவர் கீழே பிள்ளையோடு இருப்பது பல வீடுகளில் வழக்கம். இருவரும் ஒரே விமானத்தில் ஏறுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்ட தம்பதியரும் உண்டு. நண்பர்கள் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். ‘சிற்றப்பா’, ‘அத்தை’ என்று நாம் அழைக்கும் உறவுகளைப் போன்ற பாசத்தோடு பழகும் பெரியவர்கள் பலர் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறார்கள். வான்குடையின் நிறத்தைப் பார்த்தே மிதந்து வருபவர் யார் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று கண்கள் தாமாகவே எண்ணும். அந்தப் பழக்கம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதன்று.

அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் திடல்களில் 18 வயது நிரம்பாதவர் குதிக்க முடியாது. அதுவரை பொறுத்திருக்க முடியாத பிள்ளைகளுக்குக் காற்றுக்கூண்டு இருக்கிறது. கீழிருந்து மேல்நோக்கி வீசும் பலத்த காற்றில் மிதந்து பழகலாம். உயரமும் இல்லை, வான்குடையும் இல்லை. சிங்கப்பூரின் செந்தோசாவிலும் அத்தகைய கூண்டு 2011இல் திறக்கப்பட்டது. அங்கே சிறுவயதில் பறக்கக் கற்றுக்கொண்ட கைரா போ, 2017ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடந்த ‘விண்ட் கேம்ஸ்’ போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். அப்போது அவருக்கு வயது 14.

குதிக்க வயது போதாவிட்டாலும் மடிப்பதற்குத் தடையில்லை. ரிக்கர் மேற்பார்வையிட்டால் யாரும் மடிக்கலாம் என்று விதி இடம் தருகிறது. ஆகவே, திடலிலேயே வளர்ந்த பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் விடுமுறை நாள்களில் மடிக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்வதுண்டு. தொடக்கத்தில் பயிற்சிக்கென்று ஒதுக்கிய பழைய வான்குடைகளைத் திரும்பத் திரும்ப மடிக்கச் சொல்வார்கள். ரிக்கர் வந்து பிரித்துப் பார்ப்பார். ஒரு கயிறு முறுக்கியிருந்தால், ஒன்றும் பேசாமல் முழுவதையும் உதறிவிட்டு “மறுபடியும் மடி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கைச்செலவுக்குப் பணம் கிடைக்கும் என்று மகிழ்ச்சியோடு வந்த பிள்ளைக்கு அழுகை வந்துவிடும். வாரங்கள் செல்லச் செல்லக் கை பழகும். அறியாதவர்களின் வான்குடைகளை மடிக்கத் தொடங்குவார்கள்.

பிறகு ஒருநாள் பரபரப்பான வேளையில் வரிசையில் அடுத்ததாக வருவது தாயின் வான்குடையாக இருக்கும். அன்று அந்தப் பிள்ளை மற்ற நாள்களைவிட மெதுவாக மடிக்கும். கயிறுகளை இரண்டுமுறை எண்ணும். ரிக்கர் அருகில் நின்று பார்ப்பார், தலையசைப்பார். விமானம் புறப்பட ஐந்து நிமிடம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். தாய் விரைந்து வந்து, “இதை மடித்தது யார்?” என்று வழக்கம்போல் கேட்பார். “நான்தான், அம்மா.” அவர் ஒரு கணம் மகனைப் பார்ப்பார். முதுகுப்பையை மாட்டிக்கொள்வார். பட்டைகளை இறுக்குவார். பிறகு முதுகைத் திருப்பி, “ஊசி சரியாக இருக்கிறதா, பார்” என்பார்.